பெஞ்சுக் காலுக்கு வைத்த பாட்டுப் புத்தகம்

ஞானதாஸ் வாத்தியார் எங்கள் கோயில் பாட்டுக் கோஷ்டிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் அறுபது காசு. அப்போது உப்பளத்தில் எனக்கு நாள் கூலி இரண்டே முக்கால் ரூபாய். ஐம்பத்து நாலு நாள் வெயில், அதற்கு மேலும் கொஞ்சம்.

சபைக்கு ஐம்பது வருஷம் ஆகிறது, மலர் போடுகிறோம், பாட்டுக் கோஷ்டியின் சரித்திரத்தை நீயே எழுதிக் கொடு என்று போதகர் போன மாதம் சொன்னார். கோஷ்டி எப்போது ஆரம்பித்தது, யார் யார் பாடினார்கள், ஆர்மோனியப் பெட்டி எப்படி வந்தது, அவ்வளவு போதும் என்றார். ஆர்மோனியப் பெட்டி எப்படி வந்தது என்று எழுதினால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

என் பெயர் சபை ரிஜிஸ்தரில் தாவீது. உப்பளத்திலும் வீட்டிலும் கருப்பன். கடப்பாக்கத்துக்கும் செய்யூருக்கும் நடுவே, ரோட்டை விட்டுச் சவுக்குத் தோப்புக்குள் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கோயிலுக்கு ஓடு போட்ட வருஷம், அறுபத்தெட்டில், மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகச் செங்கல்பட்டிலிருந்து ஞானதாஸ் வந்தான். வந்தார் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு, வந்தான் என்று போட்டிருக்கிறேன்.

கோஷ்டியை ஆரம்பித்தவன் அவன்தான். அதை மறைக்க மாட்டேன். ஆறு பேர். ஞானதாஸ், நான், என் பெண்டாட்டி ராஜம், அம்சா, காசியம்மாள், டோலக்குக்குச் செல்வராஜ். ஆறு பேருக்கும் ஒரே பாட்டுப் புத்தகம், ஏனென்றால் ஆறு பேரில் ஒருத்தனுக்குத்தான் படிக்கத் தெரியும். அவன் ஒரு வரியை வாசிப்பான், நாங்கள் பிடித்துக்கொண்டு பாடுவோம். அடுத்த வரி, மறுபடி பாடுவோம். நான்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பாட்டு எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ராஜத்துக்கு நான்கு வாரம் வேண்டாம். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், அடுத்த வரியை அவனுக்கு முன்னால் அவள் எடுப்பாள். அவள் குரல் மேலே போகும்போது ஓட்டுக்கு அடியில் இருக்கிற புறா எழுந்து பறக்கும். அம்சா சிரிப்பாள்.

எழுபதாம் வருஷம் ஆர்மோனியம் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும்போது கிடைக்கிற காசைச் சேர்ப்போம், மூன்று வருஷத்தில் வாங்கிவிடலாம் என்றான் ஞானதாஸ். பால்பவுடர் டப்பா ஒன்றை ஈயம் வைத்து மூடி, மேலே காசு போட ஒரு கீறல் போட்டோம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் ராஜம். உப்பு ஆபீஸ் குவார்ட்டர்ஸ், டாக்டர் வீடு, பஜார், மண்டிக்காரர் வீடு என்று போவோம். ஒவ்வொரு வாசலிலும் பாட்டு முடிந்ததும் ஞானதாஸ் பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதுவான். அடுத்த வீட்டுக்குப் பாட்டு நம்பர் குறிக்கிறார் என்று நினைத்தோம். பண்டிகை முடியும் வரை டப்பா எங்கள் வீட்டில் இருக்கும். வருஷக் கடைசியில் ராஜம் அதை அப்படியே அவன் கையில் கொடுப்பாள். அவன் திறந்து எடுத்துக்கொண்டு, மறுபடி ஈயம் வைத்து அனுப்புவான்.

எழுபத்து மூன்று பிறந்ததும் ஞானதாஸ் ஒரு சைக்கிள் வாங்கினான். பச்சைக் கலர், மதுராந்தகத்தில் வாங்கியது, செகண்ட் ஹாண்ட் என்றாலும் மணி புதுசு. மச்சான் கொடுத்த பணம் என்றான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். செல்வராஜ் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான்.

ஈஸ்டருக்கு முந்தின கமிட்டியில் போதகர் ஆர்மோனியத்தைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் பன்னிரண்டு ஊர், மாதம் ஒரு தடவைதான் வருவார். ஞானதாஸ் நான்கு பத்து ரூபாய் நோட்டை மேசைமேல் வைத்தான்.

"மூணு வருசத்துக்கும் சேத்து இதான் ஐயா தேறுச்சு."

"மண்டிக்காரர் வூட்லயே பத்து ரூபா நோட்டு போட்டாங்களே சார்" என்றாள் அம்சா.

"போட்டாங்க. நான் இல்லேன்னு சொன்னேனா? டப்பா யாரு வூட்ல இருந்துச்சு?"

எல்லோரும் ராஜத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"ஈயம் வச்ச டப்பா சார்" என்றாள் ராஜம். "அப்படியே உங்க கையில குடுத்தேன். ஈயம் பேந்திருந்துச்சா?"

"ஈயம் இன்னாத்துக்குப் பேக்கணும்? காசு போட்ட சந்துலயே துடப்பக்குச்சி விட்டா வந்துட்டுப் போவுது."

நான் எழுந்தேன். செல்வராஜ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். படித்தவன் சொல்கிறான், எழுத்து தெரியாதவள் மறுக்கிறாள். கமிட்டிக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆறு மாதம் ராஜத்துக்கு இராப்போஜனம் கிடையாது, மற்றவர்கள் அப்பமும் ரசமும் வாங்கும்போது அவள் வாசல் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அவள் நின்றாள். ஆறு மாதமும் தவறாமல் வந்து நின்றாள். தண்டனை முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்தவள் பாட வாயைத் திறக்கவில்லை. கோஷ்டியில் இல்லை. நடவு வயலில் மற்றவர்கள் பாடும்போதும் இல்லை. வீட்டிலும் இல்லை. பஜாரில் அவள் ஒரு கடையில் நின்றால் கடைக்காரர் கல்லாப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார். அதை அவளும் பார்ப்பாள், நானும் பார்ப்பேன்.

நான் கோஷ்டியை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான். ஒவ்வொரு ஞாயிறும் அதே பெஞ்சில் அவன் தோளில் என் தோள் இடிக்க உட்கார்ந்து பாடினேன். சாவகாசமாக இருந்தேன். என்றைக்கோ ஒரு நாள் அவன் வழுக்குவான், அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எழுபத்து நான்கில் சபைக்குப் புதுப் பாட்டுப் புத்தகம் வந்தது. பழையது அட்டை போய், முன்பக்கம் எலி கடித்துக் கிடந்தது. எங்கள் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அந்தப் புத்தகத்தை ஞானதாஸ் என்னிடம் நீட்டினான்.

"கருப்பா, இத காலுக்கு அண்டை குடு. வேற எதுக்கு ஆவப் போவுது?"

நான் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக் காலுக்கு வைத்தேன். புத்தகத்தை வேட்டியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போனேன். ஏன் கொண்டு போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஐந்து வருஷமாகப் பாடிய பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறதே, அதன்மேல் ஞானதாஸின் பாரம் உட்கார வேண்டாம் என்று தோன்றியது.

எனக்கு எண் தெரியும். மூட்டை எண்ணுகிறவனுக்கு எண் தெரியாமல் முடியாது. எந்த நம்பரில் எந்தப் பாட்டு என்றும் தெரியும். அந்த மழைக்காலத்தில், உப்பளம் தண்ணீரில் கிடந்தபோது, பகலெல்லாம் எனக்கு வேலை இல்லை. ஒரு பாட்டின் நம்பரைத் தேடி எடுத்து, மனதுக்குள் மெதுவாகப் பாடிக்கொண்டே விரலை எழுத்தின்மேல் நகர்த்தினேன். வாய் ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் நிற்கும். பல்லவி திரும்பி வருகிற இடத்தில் அதே எழுத்துகள் அதே வரிசையில் திரும்பி வந்தன. அதைக் கண்டுபிடித்த அன்று சோறு தின்ன மறந்தேன். இரண்டு மழைக்காலம் ஆயிற்று. பஸ் போர்டில் செய்யூர் என்று எழுதியிருந்ததை ஒரு நாள் நானாகப் படித்தேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. ராஜத்தைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டுகள் முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அங்கே அச்சு இல்லை, பென்சில் கிறுக்கல். கையெழுத்து எனக்குப் புதிது. ஒன்பது நாள் பிடித்தது. எண்கள்தான் முதலில் பிடிபட்டன. 41.35. அதற்குக் கீழே 62.75. அதற்குக் கீழே 85.50. எண்களுக்கு முன்னால் வீடுகள். நாங்கள் நின்று பாடிய ஒவ்வொரு வாசலும் வரிசையாக இருந்தது. பக்கத்தின் அடியில் வேறு ஒரு நாள் எழுதியது மாதிரி இரண்டு வரி. சைக்கிள் என்ற வார்த்தையைப் பஜாரில் வாடகை சைக்கிள் கடைப் பலகையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

"மொத்தம் 189.60. சபைக்கு 40. சைக்கிள், மணி, ரிப்பேர் 149.60. கைமாற்றாக எடுத்தது. திருப்பி வைக்க வேண்டும்."

கைமாற்றாம். பெஞ்சுக் காலுக்கு வைக்கச் சொன்னானே, எழுதியது மறந்தே போயிருக்கும். நினைவிருந்தாலும் என்ன? எங்களில் யார் படிக்கப் போகிறோம் என்கிற தைரியம்தான்.

ராஜத்துக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் அரிசியோடு அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "ரெண்டாவது வருசம் டாக்டர் வூடு எவ்ளோ போட்டிருக்கான்?" என்றாள்.

"ஏழு ரூபா."

"சரியாத்தான் எழுதியிருக்கான். அஞ்சு ரூபா நோட்டு ஒண்ணு, ரெண்டு ஒத்த ரூபா. அந்தம்மா கையில மருதாணி."

"நாளைக்கே போதகர்கிட்ட போறேன்."

"போய்? ரெண்டு பேரும் கூடிக்கினு எழுதி எடுத்தாந்துட்டாங்கன்னுவான். என்னிய எங்க நிக்க வச்சான்யா? சபையில. அங்கதான் இது வரணும். அவன் வாயாலதான் வரணும்."

அதனால் பொறுத்தேன். எழுபத்தேழாம் வருஷத்து அறுப்பின் பண்டிகை வரை பொறுத்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டு வருவோம். நெல், வேர்க்கடலை, பூசணி, சேவல், நாங்கள் உப்பு. ஆராதனை முடிந்ததும் ஏலம். அந்த ஏலத்துக்குச் சட்டம் உண்டு. பீடத்துக்கு முன்னால் கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது. உடனே பணம் கட்ட முடியாதவன் ஈஸ்டருக்குள் கட்ட வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெயரும் பாக்கியும் சபையில் வாசிக்கப்படும். பணம் கட்டுகிறவரை பொருள் போதகர் கையில் இருக்கும். சட்டத்தை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியவன் சபைச் செயலாளர் ஞானதாஸ்.

அந்த வருஷம் உப்போடு பழைய பாட்டுப் புத்தகத்தையும் கொண்டு போய் வைத்தேன். மடியில் ஆட்டை விற்ற பணம் அறுபத்திரண்டு ரூபாய்.

ஏலம் போட்டவன் செல்வராஜ். பூசணியும் சேவலும் போன பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஒரு பாட்டுப் புத்தகம். அட்டை கெடையாது. முன்னாடி எலி தின்னது போவ மீதி. கருப்பண்ணன் காணிக்கை. யாரு கேக்கறீங்க?"

"அடுப்பு பத்த வைக்க ஆவும். நாலணா" என்றாள் காசியம்மாள். சபை சிரித்தது.

"ஒரு ரூபா" என்றேன்.

ஞானதாஸ் முன்வரிசையிலிருந்து திரும்பினான். "இன்னா கருப்பா, நீயே குடுத்து நீயே வாங்கிக்கிறியா? வச்சிக்கினு இன்னா பண்ணுவ, விசிறிக்குவியா?"

"படிக்கப் போறேன் வாத்தியாரே."

இன்னும் பெரிய சிரிப்பு. அவனும் சிரித்தான்.

"ஒவ்வொரு எழுத்தா" என்றேன். "கடைசிப் பக்கம் வரைக்கும்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. செல்வராஜின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். எந்தப் புத்தகம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அஞ்சு ரூபா" என்றான்.

"பத்து."

"பதினஞ்சு."

"முப்பது."

"இது என்னப்பா, புதுசே எட்டு ரூபாய்தானே" என்றார் போதகர்.

"சபைக்குத்தானே ஐயா போவுது" என்றான் ஞானதாஸ். கழுத்தில் வேர்வை. "நாப்பது."

"அறுவது" என்றேன். என் பணம் அத்துடன் முடிந்தது. அவன் எழுபது என்றான். நான் தொண்ணூறு என்றேன்.

பெண்கள் பக்கம் ஞானதாஸின் மனைவி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். செல்வராஜ் ஒரு தரம் சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். எனக்கு இருந்த பயம், இல்லாத இருபத்தெட்டு ரூபாய்க்கு எங்கே போவேன் என்பது இல்லை, இவன் தப்பித்துவிடுவான் என்பதுதான்.

"செல்வராஜு, பொருளைப் பின்பக்கம் காட்டாமயே மூணாந்தரம் சொல்றியே. வாங்கறவங்க பாத்து வாங்க வேணாமா?"

"காட்டறேன்ணே, அதுக்கு இன்னா?" என்று செல்வராஜ் கடைசிப் பக்கத்தை விரித்து, கையை உயர்த்தி, சபைக்கு ஒரு சுற்றுக் காட்டினான். பென்சில் எழுத்து அத்தனையும் வெளிச்சத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. போதகர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

"நூறு" என்றான் ஞானதாஸ்.

நான் எழுந்து நின்றேன். "நூத்தி நாப்பத்தொம்போது ரூபா அம்பது காசு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். அந்தத் தொகை உலகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் இப்போது தெரிந்தது.

"அறுவது காசு" என்றான், மெதுவாக.

"இன்னாது சார்?" என்றான் செல்வராஜ்.

"நூத்தி நாப்பத்தொம்போது ரூபா அறுவது காசு."

நான் உட்கார்ந்தேன். செல்வராஜ் மூன்று தரம் சொன்னான். ஞானதாஸ் எழுந்து போய்ப் புத்தகத்துக்குக் கையை நீட்டினான்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ராஜம் எழுந்தாள். நான்கு வருஷமாகக் கோயிலில் அவள் குரல் கேட்டதில்லை.

"பணம் கட்டாம பொருள் கைக்குப் போவாதுன்னு செவுத்துல எழுதிக்கீதாமே சார். ஐயா கையில இருக்கட்டும்."

ஞானதாஸின் கை அப்படியே நின்றது. பயத்தில் தன் சட்டத்தை அவனே மறந்திருந்தான். போதகர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, கடைசிப் பக்கத்தை எடுத்து விரலை மேல வச்சிக்கினு வாங்க" என்றாள் ராஜம். "நான் சொல்றேன். தப்பா இருந்தா சொல்லுங்க."

அவளுக்கு எழுத்து தெரியாது என்பது சபைக்கே தெரியும். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எழுவதாம் வருசம். உப்பு ஆபீஸ் குவார்ட்டர்ஸ், நாலு ரூபா. டாக்டர் வூடு, அஞ்சு ரூபா. தபால் ஆபீஸ்காரர், ஒண்ணே கால்."

போதகரின் விரல் நகர்ந்தது. மூன்றாவது வரியில் அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். அவள் நிறுத்தவில்லை. பாட்டை ஒப்பிக்கிற மாதிரியே, வரிக்கு வரி மூச்சு விட்டுச் சொன்னாள். அம்சா நடுவில், "ஆமா, அந்த வூட்ல நாய் துரத்துச்சே" என்றாள். மூன்று வருஷமும் முடிந்து அடியில் இருந்த வரிகளுக்கு வந்ததும் ராஜம் நிறுத்தினாள்.

"கடேசி ரெண்டு வரிய நான் சொல்ல மாட்டேன். எழுதினவரே படிக்கட்டும். அவருதானே நமக்கு எப்பவும் படிச்சிக் குடுப்பாரு."

போதகர் புத்தகத்தை அவனிடம் திருப்பினார், கையை விடாமல். சைக்கிள் என்ற இடம் வந்ததும் ஞானதாஸின் குரல் உடைந்தது. கைமாற்று என்பதை இரண்டு தடவை சொன்னான். "திருப்பி வச்சிடணும்னுதான் இருந்தேன் ஐயா. முடியல."

"சரி, முடியல. என்னிய ஏன் நிக்க வச்ச வாத்தியாரே?" என்றாள் ராஜம்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உன்னிய சொன்னா யாரும் எதுத்துக் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவன் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். அதற்குக் கமிட்டிக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள்.

போதகர் ராஜத்தைப் பீடத்தண்டை கூப்பிட்டு, சபை உன்னிடம் தப்புச் செய்தது என்றார். பிறகு மன்னிப்பைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். ஞானதாஸ் குடும்பஸ்தன், பாதித் தொகையைத் தள்ளிவிடலாமா என்று என்னைப் பார்த்தார்.

"ஏலம் கேட்டதுங்க ஐயா" என்றேன். "சட்டம் செவுத்துல கீது."

பாக்கிப் பட்டியலை வாசிக்க ஆள் வேண்டும். அதுவரை வாசித்தவன் ஞானதாஸ். வேறு யாருக்குப் படிக்கத் தெரியும் என்று போதகர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். செல்வராஜ் கடைசிப் பாட்டுக்கு எடுத்த டோலக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

ஏழு ஞாயிறு வாசித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. வந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். ஞா, ன, தா, ஸ் என்று எழுத்து எழுத்தாகக் கூட்டி, ரூபாயைத் தனியாக, காசைத் தனியாகச் சொல்வேன். அவன் கடைசி வரிசையில், ராஜம் நின்ற வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது இனித்தது. மலருக்கு எழுதுகிறோம் என்பதற்காக இனிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

ஏழாவது ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை, உச்சி வெயிலில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், நடந்து. சைக்கிளை விற்றுவிட்டானாம். அம்சா அங்கே ராஜத்தோடு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வராமல், பணத்தை ஒரு கைக்குட்டையில் நீட்டினான். கோயிலில் எல்லார் முன்னாலும் கட்ட முடியாது, நீயே சேர்த்துவிடு என்றான். நான் கீழே கொட்டி எண்ணினேன். இரண்டு தரம் எண்ணினேன்.

"பத்து காசு குறையுது வாத்தியாரே."

"பாத்து எண்ணு கருப்பா."

"நூத்தி நாப்பத்தொம்போது ரூபா அம்பது காசு. இது நான் கேட்ட தொகை. நீங்க கேட்டது அறுவது காசு."

அவன் சட்டைப் பையைத் தடவினான். இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல்.

"ஞாயித்துக்கிழமை தரேனே."

"ஞாயித்துக்கிழமை வாசிக்கணுமே. ஞானதாஸ், பத்து காசுன்னு."

அம்சா என் பக்கம் பார்த்து, "உடுண்ணா" என்றாள். ராஜம் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவன் திரும்பி நடந்தான். சவுக்குத் தோப்பு முடிகிற வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ராஜம் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பத்துக் காசை என்னிடம் நீட்டாமல் அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றப் பணத்தோடு போட்டாள்.

"இனிமே பாடுவியாக்கா?" என்றாள் அம்சா.

"டப்பாவ வேற யாரு வூட்லயாவது வைங்க. பாடறேன்."

அந்தப் பணமும் முன்னே கட்டிய நாற்பதும் சேர்த்து, ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆர்மோனியப் பெட்டி வந்தது. ஆனால் அன்றைக்கு, அவன் இன்னும் வாசலில் நிற்கும்போதே, பாக்கிப் பட்டியலைக் கூரையிலிருந்து உருவி எடுத்தேன். அதில் மிச்சம் இருந்தது ஒரே பெயர். ராஜம் எட்டிப் பார்த்தாள்.

"அடிச்சிடுய்யா" என்றாள்.

அவன் பார்க்க அடித்தேன்.